கச்சான் அடிக்கும்போது அங்கே மழை: திருகோணமலையிலிருந்து கித்துல்கல ஆற்றங்கரையில் ஓர் இரவு தங்கப் போகும் பயணம் – முழுமையான வழிகாட்டி

ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும். உப்புவெளியில் மணல் பறக்கும், உதடு வெடிக்கும், கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்கும். அந்தக் காற்று நம்மிடம் வரும்போது காய்ந்து கிடப்பதற்குக் காரணம், வரும் வழியில் மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதித் தன்னிடமிருந்த ஈரத்தையெல்லாம் அங்கே கொட்டிவிட்டு வருவதுதான். அப்படிக் கொட்டும் இடங்களில் ஒன்று கித்துல்கல. களனி கங்கை பாறைகளுக்கிடையே பாய்ந்தோட, இரு கரையிலும் மழைக்காடு நிற்கும் ஊர். வழிகாட்டிகளோடு ரப்பர் படகில் இறங்கி, ஓர் இரவு ஆற்றங்கரையில் தங்கித் திரும்புவதற்கு நம் பக்கத்திலிருந்து இப்போது நிறையப் பேர் போகிறார்கள். எங்கள் ஊர் இளைஞர்களோடு நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை போனபோது எங்களுக்குத் தெரியாமல் இருந்தவற்றை, இனிப் போகிறவர்கள் புறப்படுமுன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாளைத் தெரிவு செய்தல்

நம் வீட்டு வாசலில் வானத்தைப் பார்த்து அங்குள்ள நிலையைச் சொல்ல முடியாது. ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்யும் உலர் வலயத்தில் நாம் இருக்கிறோம். கித்துல்கல 2,500 மில்லிமீற்றருக்கு மேல் பெறும் ஈர வலயத்தில் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. நமக்கு மாரி முடிந்து வெளிக்கும் ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரையான காலந்தான் அங்கேயும் மழை குறைந்த காலம். முதன்முறை போகிறவர்களுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கும் அந்த மாதங்களையே சொல்வேன். ஆகஸ்ட் விடுமுறைதான் வசதி என்றால் போகலாம். ஆனால் இரண்டு நாளுக்கு முன்பும் புறப்படும் காலையிலும் வழிகாட்டியிடம் ஆற்று நிலையைக் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். பேரம் பேசக்கூடாது.

மழையை மட்டும் பார்த்தாலும் போதாது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்தே களனி கங்கை ஆகிறது. அந்த இரண்டின் மேலும் நீர்த்தேக்கங்களும் மின்நிலையங்களும் இருக்கின்றன. மேலேயுள்ள மின்நிலையங்களிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் ஒரு துளி மழை இல்லாமலே கித்துல்கலவில் ஆறு உயரும். நிறுத்தினால் படகு பாறையில் தட்டும். ஆகவே, நல்ல வழிகாட்டி முதலில் விசாரிப்பது தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதைத்தான்.

அடுத்தது மண்சரிவு. கித்துல்கல அமைந்துள்ள கேகாலை மாவட்டத்தில், அரநாயக்கவில் 2016 மே 17ஆம் திகதி மலை சரிந்து கிராமங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மலைநாடு பட்ட பாட்டையும், மகாவலி பெருகி மூதூரும் வெருகலும் பட்ட பாட்டையும் நாம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் பிரதேச செயலாளர் பிரிவுவாரியாக வெளியிடுகிறது. கித்துல்கல யட்டியாந்தோட்டைப் பிரிவில் வருகிறது. அதன் பெயர் மஞ்சளில் இருந்தாலும் ஆற்றங்கரைக் கூடாரத்தை விட்டுவிட்டு மேட்டிலுள்ள கட்டடத்தில் தங்குங்கள். செம்மஞ்சள் என்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்டுக்கொள்ளலாம்.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை

விலையை கடைசியில் கேளுங்கள். முதலில், இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு படகில் எத்தனை பேர், எத்தனை வழிகாட்டிகள், மீட்புக் கயிறு யார் கையில் இருக்கும், தலைக்கவசம் பிள்ளைகளின் அளவில் உண்டா, காயம்பட்டால் எந்த வைத்தியசாலை, எந்த வாகனம்? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்பவரிடம் போங்கள். இரவு தங்கும் இடம் தனியார் காணியா, காப்புக்காடா என்பதும் முக்கியம். ஆற்றின் மறுகரையில் இருக்கும் மகந்தாவ காப்புக்காட்டில் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் யாரும் கூடாரம் போட முடியாது. "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

மொழியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நமக்கோ அதுதான் பெரிய விடயம். அங்குள்ள வழிகாட்டிகள் பெரும்பாலும் சிங்களம் பேசுகிறவர்கள். படகில் கட்டளைகளை ஆங்கிலத்தில் கொடுப்பார்கள்: ஃபோர்வர்ட் என்றால் முன்னுக்குத் துடுப்பு, பேக் என்றால் பின்னுக்கு, ஸ்டொப் என்றால் துடுப்பை எடுத்துவிட வேண்டும், கெட் டவுன் என்றால் படகின் உள்ளே குந்திக்கொள்ள வேண்டும். அவசரத்தில் அவர்கள் வாயில் வருவது தாய்மொழிதான். இஸ்ஸரஹட என்றால் முன்னுக்கு, பஸ்ஸட என்றால் பின்னுக்கு, இன்ன என்றால் அப்படியே இரு, எபா என்றால் வேண்டாம், அத்த தென்ன என்றால் கையைக் கொடு. இந்த ஐந்தையும் வான் வண்டியில் போகும்போதே எல்லோரும் சொல்லிப் பழகுங்கள். குழுவில் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரை வழிகாட்டிக்கு முன்னால் உட்கார வையுங்கள். கரையில் விளக்கம் சொல்லும்போது அவர் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லட்டும். புரியாமல் தலையாட்டுகிறவர்கள்தான் ஆற்றில் தடுமாறுகிறார்கள்.

கடல் தெரிந்தவர்களும் ஆற்றைக் கற்க வேண்டும்

என் மனத்தில் மிகவும் அழுந்தியிருப்பது இந்தப் பகுதிதான்.

நாம் கடலோடு வளர்ந்தவர்கள். நமக்கு ஆறு என்றால் கொட்டியாற்றுக் குடாவில் வந்து சேரும் மகாவலி: அகன்றது, மண் நிறமானது, மெதுவானது. ஆகவே நம் பிள்ளைகள் கித்துல்கல ஆற்றைப் பார்த்ததும் சின்ன ஆறுதானே என்று நினைக்கிறார்கள். முதல் பயணத்தில் எங்களோடு கடற்றொழில் குடும்பத்துப் பையன் ஒருவன் வந்தான். எங்கள் எல்லோரிலும் நன்றாக நீந்துகிறவன் அவன்தான். இரண்டாவது பாய்ச்சலில், அதாவது தண்ணீர் பாறைகளில் மோதித் துள்ளிப் பாயும் இடத்தில், படகு சரிந்தபோது விழுந்தான். தண்ணீர் இடுப்பளவுதான். எந்தக் கடலோரப் பிள்ளையும் செய்வதைப் போலக் காலை ஊன்றி எழுந்து நிற்கப் பார்த்தான். பாதம் இரண்டு கல்லுக்கிடையே போய் இறுகிவிட்டது. தண்ணீர் முதுகில் ஏறி அவனை முன்னுக்குக் குப்புறத் தள்ளத் தொடங்கியது. கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. வழிகாட்டி கல்லின் மேல் பாய்ந்து, அவனது உயிர்காப்பு அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து மேல்நீர்ப் பக்கமாக இழுத்ததும் கால் கழன்று வந்தது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. சப்பாத்து ஆற்றோடு போய்விட்டது. கணுக்காலைச் சுற்றித் தோல் வளையம்போல உரிந்திருந்தது. கரைக்கு வந்த பின்பும் அவன் வெகுநேரம் பேசவில்லை.

கடலில் அலை தள்ளும், பிறகு விடும். ஆறு விடாது, ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் விழுந்தால் நிற்கக்கூடாது. மல்லாந்து படுத்து, கால்களைக் கீழ்நீர்ப் பக்கம் நீட்டி, பெருவிரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். பாறை வந்தால் பாதம் முதலில் தட்டும், தலை தப்பும். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வரும்வரை எழுந்து நிற்கவே கூடாது. கயிறு எறிந்தால் கையில் சுற்றாமல் நெஞ்சோடு பிடித்து, முகம் மேலே இருக்க மல்லாந்து கிடக்க வேண்டும். விழுந்த மரம் ஆற்றுக்குக் குறுக்கே கிடந்தால் அதன் பக்கம் போகவே கூடாது. கிளைகளுக்கிடையே தண்ணீர் போகும், மனிதன் போக முடியாது. இன்னொன்று: ஆற்று நீரில் உப்பு இல்லாததால் உடல் கடலில் மிதப்பதைப் போல மிதக்காது. கடலில் அங்கி இல்லாமல் மிதக்கிறவரும் ஆற்றில் அங்கியைக் கழற்றக்கூடாது. அங்கி பொருந்துகிறதா என்று பார்க்க, இன்னொருவர் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கட்டும். அது காதுவரை ஏறினால் வார்களை இறுக்குங்கள், அல்லது வேறொன்று கேளுங்கள்.

இவற்றுக்கு ஊரிலேயே ஒத்திகை பார்க்கலாம். ஆற்றில் தண்ணீர் பெருகும் அதே மாதங்களில் உப்புவெளிக் கடல் அமைதியாக இருக்கும். நீந்தத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, சப்பாத்தோடும் உடுப்போடும் அங்கி அணிந்து, நெஞ்சளவு தண்ணீரில் பத்து நிமிடம் மல்லாந்து மிதந்து பாருங்கள். நீச்சல் தெரியாதவரும் அதைச் செய்ய முடிந்தால் அவரது பயத்தில் பாதி அங்கேயே போய்விடும். நடைப் பழக்கத்துக்கு, பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில் வரையான ஏற்றத்தைக் காலையில் இரண்டு கிழமை நடந்தால் போதும்.

மூட்டை கட்டுதல்

இரண்டு சோடி உடுப்பு. ஒன்று ஈரத்துக்கு, மற்றது காய்ந்ததற்கு. ஆற்றுக்கும் காட்டுக்கும் ஈரச் சோடிதான். காய்ந்த சோடியைக் கூடாரத்துக்குள் மட்டுமே உடுத்த வேண்டும். மறுநாள் காலை அந்தச் சில்லிட்ட ஈர உடுப்பைத் திரும்ப மாட்டிக்கொள்ள மனம் வராது. ஆனாலும் மாட்டுங்கள். காய்ந்ததை உடுத்திக்கொண்டு மழையில் நனைந்துவிட்டால் பிறகு உங்களிடம் எதுவுமே இல்லை. ஜீன்ஸும் தடித்த பருத்தி உடுப்பும் வேண்டாம். அங்கே ஓர் இரவில் எதுவும் காயாது. பந்து விளையாடும்போது போடும் மெல்லிய பொலியெஸ்டர் உடுப்பு நல்லது. பெரிய துவாய்க்குப் பதிலாக ஒரு சாரம் போதும். துடைக்கவும் போர்த்தவும் உடை மாற்றவும் அதுவே உதவும். நுவரெலியாவைப் போலக் குளிரடிக்காது, ஆனால் நனைந்த உடம்பு நடுங்கும்.

காலுக்கு, பின்னால் கட்டிக்கொள்ளும் பழைய கன்வஸ் சப்பாத்து. ரப்பர் சிலிப்பர் முதல் பாய்ச்சலிலேயே போய்விடும்.

நம் கடற்றொழிலாளர்கள் கைத்தொலைபேசியை எப்படி வள்ளத்தில் கொண்டு போகிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். தடித்த பொலித்தீன் பையில் பொருளைப் போட்டு, காற்றை முழுவதும் அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி, மடித்து, ரப்பர் வளையத்தால் கட்டி, அதை இன்னொரு பைக்குள் தலைகீழாக வைத்து மறுபடி கட்ட வேண்டும். மூட்டை கட்டி முடிந்ததும் முற்றத்தில் வைத்து இரண்டு வாளி தண்ணீரை மேலே ஊற்றுங்கள். உள்ளே நனைந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும். எங்கள் முதல் பயணத்தில் பதினொரு பேரில் ஏழு பேருடைய போர்வை நனைந்திருந்தது.

தலையில் கட்டும் டோர்ச் லைட், நுளம்புக்குப் பூசும் களிம்பு, வழக்கமாக எடுக்கும் மருந்துகள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்ஹேலர், ஜீவனி பக்கெட்டுகள், தேசிய அடையாள அட்டை. மாதவிலக்கு நாள் வந்தாலும் பெண்கள் பின்வாங்கத் தேவையில்லை. வேண்டியவற்றைத் தனிப் பையில் வைத்து, பயன்படுத்தியதைக் கட்டித் திரும்பக் கொண்டுவர இன்னொரு கறுப்புப் பையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை முகாமில் தருவார்கள். கையில் கச்சான் கடலை, எள்ளுருண்டை, பனங்கட்டி இருந்தால் போதும். கட்டுச்சோறு வழிச் சூட்டில் பழுதாகிவிடும். மதுபானம் இந்தப் பயணத்துக்கு ஒருபோதும் ஆகாது.

வழி

வான் வண்டியில் போவதென்றால் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், அம்பேபுஸ்ஸ. அங்கிருந்து ருவன்வெல்ல, யட்டியாந்தோட்டை வழியாகக் கித்துல்கல. ஏறக்குறைய 250 கிலோமீற்றர். பஸ்ஸில் போகிறவர்கள் கண்டிக்குப் போய், நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக இறங்கலாம். இரவு முழுவதும் பயணம் செய்துவிட்டுக் காலையில் படகில் ஏறுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். தூக்கம் கெட்டவர் கட்டளையைக் காதில் வாங்க மாட்டார். முதல் நாள் பகலில் போய் ஊருக்குள் தூங்குங்கள். இரண்டாம் நாள் ஆறும் இரவு முகாமும், மூன்றாம் நாள் காலை காட்டு நடையும் பிறகு திரும்புதலும். சாரதிக்கும் படுக்க ஓர் இடம் பேசி வையுங்கள்.

ஆற்றில் காலையிலேயே இறங்குங்கள். அங்கே மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும்.

அட்டை, பாம்பு, காய்ச்சல்

நம் பக்கத்துக் காட்டில் இரவு தங்குவதென்றால் யானையையும் முதலையையும் நினைப்போம். அங்கே கவனிக்க வேண்டியவை சிறியவை. அட்டையைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறையில் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் ஏறாது. கடித்துவிட்டால் உப்புப் போடுவதும் நெருப்பு வைப்பதும் வேண்டாம். அது உள்ளே இருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடும். மெல்லிய முனையின் அடியில் நகத்தைச் செலுத்தி வழித்துவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அதன் உமிழ்நீரில் பொருள் இருப்பதால் சற்று நேரம் கசியும். அழுத்திப் பிடித்தால் நிற்கும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் முன்பே வைத்தியரைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஈர வலயத்தில் காய்ந்த இலைகளோடு இலையாகக் கிடக்கும் சிறு விரியன் ஒன்று உண்டு. சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா என்பார்கள். மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும். வழக்கமாக ஏற்றும் விஷமுறிவு மருந்து இதற்குச் சரிவராது என்பதால் கடிபடாமல் இருப்பதுதான் வழி. இரவில் வெறுங்காலோடு ஓர் அடியும் வைக்க வேண்டாம். விளக்கில்லாமல் விறகையோ கல்லையோ தொட வேண்டாம். கடித்தால் கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல், அந்தக் காலை அசையவிடாமல் வைத்துக்கொண்டு 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழையுங்கள். கட்டணம் இல்லை.

எலிக்காய்ச்சலை நம் வயல்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே நோய் ஆற்று நீரிலும் இருக்கலாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் அது ஆறிய பின்பு போங்கள். ஆற்று நீரை விழுங்க வேண்டாம். தடுப்பு மாத்திரை தேவையா என்று புறப்படுமுன் வைத்தியரிடம் கேளுங்கள்; கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது பொருந்தாமல் போகலாம்.

அந்த இரவு

கூடாரம் ஆற்றின் ஓசை கேட்கும் இடத்தில் இருக்கட்டும், ஆற்றின் மணலில் வேண்டாம். போனமுறை எங்கள் வழிகாட்டி சாயங்காலம் தண்ணீரின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்தார். சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை டோர்ச் அடித்துப் பார்த்தார். கல் நனைந்தால் எழும்ப வேண்டும், மறைந்தால் மேட்டுக்குப் போக வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் அந்தக் கல்லைக் காட்டினார். நீங்களும் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினாலும், ஓசை தடித்தாலும் மேலே மழை என்று பொருள். மூட்டையைப் பார்க்காமல் முதலில் ஆட்களை மேலே அனுப்புங்கள்.

மலசலம் கழிக்க ஆற்றிலிருந்து எழுபது எட்டுக்கு மேல் தள்ளிப் போங்கள். ஆற்றில் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டாம். கீழே கொழும்புவரை அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

ஒன்பது மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் பேசாமல் இருங்கள். தவளைகளும் சில்வண்டுகளும் ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும். எங்கள் வழிகாட்டி இருட்டில் என் கையைத் தட்டி, "பஸ்ஸா" என்றார். ஆந்தை. ஒரே ஒரு மெல்லிய குரல், குழலில் ஒரு தரம் ஊதியது போல. பிறகு அரை நிமிட அமைதி, மறுபடி அதே குரல். 1995ஆம் ஆண்டு தீபால் வரகாகொட என்ற பறவை ஆய்வாளர் இந்தக் கித்துல்கலக் காட்டில்தான் யாருக்கும் தெரியாத ஓர் ஆந்தையின் குரலை முதன்முதலாகக் கேட்டார். ஆறு ஆண்டு கழித்து, 2001இல், சிங்கராஜக் காட்டில் அதை நேரில் கண்டார். 2004இல் அது உலகுக்குப் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. நம் வீடுகளில் ஆந்தை கத்தினால் ஆகாது என்பார்கள். அன்று எங்கள் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த குரலுக்காகக் காத்திருந்தார்கள்.

திரும்பிய பின்

அடுத்த நான்கு கிழமைக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் வந்தால் பனடோலோடு வீட்டில் படுத்திருக்காமல் உடனே வைத்தியரிடம் போய், எந்தத் திகதியில் ஆற்றில் இறங்கினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். குழுவில் எல்லோருடைய வீட்டாருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

உடுப்புகளை அன்றே கழுவிப் போடுங்கள். சப்பாத்தின் நாடாவைக் கழற்றி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு மதிலில் கவிழ்த்து வையுங்கள். கச்சான் காலமென்றால் மாலைக்குள் காய்ந்துவிடும். உள்ளே எடுக்குமுன் ஒரு தரம் நன்றாக உதறுங்கள். மடிப்புக்குள் அட்டை ஒன்று சுருண்டு கிடக்கலாம்.